பிரெபனின் சனி, ஞாயிறு

டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரப் பேருந்து அலுவலகத்தில் கால அட்டவணை போடுகிறவர் பிரெபன் ஹெல்ஸ்டெட். எந்த வண்டி எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு வந்து நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கிற வேலை. வாரத்தில் ஐந்து நாளும் நிமிடங்களோடு மல்லுக்கட்டுவார். வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி இழுப்பறையில் போட்டு மூடிவிடுவார். திங்கட்கிழமை காலை வரை அது வெளியே வராது.

இடைப்பட்ட இரண்டு நாளும் சாப்பாட்டுக்கு.

அதற்காக அவரைத் தின்னிப்பண்டாரம் என்று சொல்லிவிட முடியாது. ஆள் ஒல்லி. நிறையச் சாப்பிடுகிறவரும் இல்லை. ஒரு தட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருவார், அவ்வளவுதான். முப்பத்தைந்து வயதில் ஒரு பள்ளி ஆசிரியையோடு நான்கு வருடம் சேர்ந்து வாழ்ந்தார். அந்தப் பெண் கிளம்பிப் போகும்போது கோபமே இல்லாமல் ஒரு வார்த்தை சொன்னார்: "நீ என்கூட வாழல பிரெபன். மதியச் சாப்பாட்டுகூட வாழற." பிரெபன் அதை இரண்டு மூன்று நாள் யோசித்துப் பார்த்தார். மறுத்துச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

இது நடந்தபோது அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. சனிக்கிழமை காலை இங்கர்ஸ்லெவ் சாலைச் சந்தைக்குப் போவார். ஜூன் மாதமானால் புது உருளைக்கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் தோலைத் தேய்த்துப் பார்ப்பார். தோல் தானாக உரிந்தால்தான் வாங்குவார். பாலாடைக்கட்டி விற்கிறவர் ஒரு துண்டு சீவி நீட்டுவார். அதை வாயில் போட்டுக்கொண்டு அடுத்த கடை வரைக்கும் மெல்லாமல் நடப்பார். பிறகு ஆற்றோரமாக மெதுவாக நடந்து, பசி சரியான இடத்துக்கு வந்ததும் பச்சைக் கதவு என்ற உணவகத்துக்குள் இறங்குவார். இறங்குவார் என்றுதான் சொல்ல வேண்டும். அது ஆறு படி கீழே இருக்கிற நிலவறைக் கடை. பதினொரு மேஜை. ஜன்னலோரம் உட்கார்ந்தால் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். அந்த ஜன்னல் மேஜை இருபத்திரண்டு வருடமாகச் சனிக்கிழமை மதியம் அவருடையது.

பரிமாறுகிற யூட்டா என்ற பெண்மணி அவரிடம் என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. முதலில் கறிப்பொடி போட்டு ஊறவைத்த ஹெர்ரிங் மீன், வெண்ணெய் தடவிய கருப்பு ரை ரொட்டி, சின்னக் கிளாஸில் குளிர்ந்த ஸ்னாப்ஸ் சாராயம். அடுத்து வெண்ணெயில் பொரித்த தட்டை மீன். அதற்கடுத்துத் தோல் மொறுமொறுக்க வறுத்த பன்றி இறைச்சியும் சிவப்பு முட்டைக்கோஸும். கடைசியில் பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நாறும் பழைய பாலாடைக்கட்டி. யூட்டாவுக்கு அறுபது வயது, சுருக்கான நடை, அதைவிடச் சுருக்கான நாக்கு.

"இன்னைக்கும் உயிரோடதான் இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே ரொட்டியை வைப்பார்.

"சாப்பிட்டுட்டுச் சொல்றேன்" என்பார் பிரெபன்.

மூன்று மணி நேரம் கழித்து எழுந்து போகும்போது, "மோசமில்ல" என்று சொல்லிவிட்டுப் படியேறுவார். எங்கள் யூட்லாண்ட் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு புகழ்ச்சி கிடையாது.

இத்தனை வருடத்தில் சமையல்காரரை அவர் பார்த்ததே இல்லை. பெயர் ஐவின் என்று மட்டும் தெரியும். ஆனால் மனிதரைப் பற்றி நிறையத் தெரியும் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். முட்டைக்கோஸில் கிராம்பு தூக்கலாக இருந்தால் ஐவின் சந்தோஷமாக இருக்கிறார். மீனுக்கு மேல் கீரைத்தழை தாராளமாகக் கிடந்தால் முதலாளியோடு சண்டை போட்டிருக்கிறார். இதெல்லாம் சரியா தவறா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவர் முயன்றதில்லை.

அந்த வருடம் பிப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஹெர்ரிங்கை வாயில் வைத்ததும் பிரெபன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். உப்பு சரி. புளிப்பு சரி, இனிப்பும் சரி. ஆனால் கறிப்பொடி பழையது. வாசனை போய் மரத்தூள் மாதிரி இருந்தது. டப்பா மாறியிருக்கும் என்று விட்டுவிட்டார். அடுத்த வாரம் முட்டைக்கோஸில் கிராம்பே இல்லை. அதற்கடுத்த வாரம் மீனோடு வந்த வெங்காயம் ஓரத்தில் கருகி, அந்தக் கருகல் வெண்ணெய் முழுக்க ஏறியிருந்தது. பிரெபன் ரொட்டியைப் பிரித்துப் பார்த்தார். வெண்ணெய் தடவிய கனம் அதேதான். வெங்காயம் நறுக்கிய அகலமும் அதேதான். கை மாறவில்லை. வேறு என்னவோ போயிருந்தது.

யூட்டா தட்டை எடுக்க வந்தபோது குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஐவினுக்கு மூக்குல ஏதாவது பிரச்சினையா?"

யூட்டா தட்டைத் தூக்கியவர் அப்படியே நின்றார். "யார் சொன்னா?"

"வெங்காயம் சொல்லுச்சு."

யூட்டா தட்டோடு உள்ளே போனார். பாலாடைக்கட்டி வரவில்லை. பத்து நிமிடம் கழித்து வந்து, கடை காலியானதும் சமையல்கட்டுக்கு வரச் சொன்னார்.

பிரெபன் மனதில் இருந்த ஐவின் குண்டு, சிவந்த முகம், உரத்த குரல். உள்ளே நின்றவர் நெட்டையாக, ஒடிசலாக, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு நூலகர் மாதிரி இருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டார்கள்.

"ஜன்னல் மேஜை நீதானா?" என்றார் ஐவின்.

விஷயம் இதுதான். ஜனவரியில் ரயில் நிலையத்துப் பக்கம் பனிக்கட்டியில் சைக்கிள் வழுக்கி, ஐவின் பின்மண்டை தரையில் பட விழுந்தார். காயம் பெரிதாக இல்லை. ஆனால் மறுநாள் காலையிலிருந்து ஒரு வாசனையும் தெரியவில்லை. மூக்கிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு நூல் நூலாக இருக்கும், அது அறுந்திருக்கலாம் என்றார் டாக்டர். ஒரு வருடத்தில் திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகும். நாக்கில் உப்பும் புளிப்பும் இனிப்பும் தெரிகிறது, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்றார் ஐவின். இரவு படுத்தபின் எழுந்து வந்து அடுப்பை மூடினோமா என்று பார்ப்பதாகவும் சொன்னார். கேஸ் கசிந்தால் தெரியாதே.

இது யூட்டாவுக்கு மட்டும்தான் தெரியும். யூட்டாவும் அவரும் ஒரு காலத்தில் எட்டு வருடம் கணவன் மனைவியாக இருந்தவர்கள். பிரிந்து இருபது வருடம் ஆகியும் அதே கடையில் வேலை பார்த்தார்கள்; வாழ்ந்த காலத்தைவிட இப்போதுதான் ஒழுங்காகப் பேசிக்கொள்கிறோம் என்பார் யூட்டா. முதலாளியம்மா மெரெட்டெயிடம் ஏன் சொல்லவில்லை என்று பிரெபன் கேட்டார். ஐவினுக்கு அறுபத்தோரு வயது. மூக்கில்லாத சமையல்காரனை யார் வைத்துக்கொள்வார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

"உன் நாக்கைக் கொஞ்சம் கடன் குடேன்" என்றார் யூட்டா. "சும்மா உக்காந்து திங்கறதுக்குத்தானே வெச்சிருக்க."

இப்படித்தான் அது ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை இரவு மெரெட்டெ கிளம்பிய பிறகு பிரெபன் பின்வாசல் வழியாகச் சமையல்கட்டுக்கு வருவார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடியும் வருவார். மெரெட்டெ பன்னிரண்டு மணிக்குத்தான் கடைக்கு வருவார் என்பதால் அதற்குள் வேலை முடிந்துவிடும். ஐவின் கரண்டி கரண்டியாக நீட்டுவார், பிரெபன் வாயில் வைத்துச் சொல்வார். அந்த அளவுகளை வைத்து மற்ற நாள்களை ஐவின் ஓட்டிவிடுவார்.

முதல் நாளே தகராறு. ஹெர்ரிங் ஊறுகிற சாற்றை ருசித்துவிட்டுப் பிரெபன், "வாசனை கொஞ்சம் கூச்சப்படுது" என்றார்.

ஐவின் கரண்டியைத் தொட்டியில் போட்டார். "எனக்குக் கவிதை வேணாம். கறிப்பொடி இன்னும் எத்தனை கரண்டி? அதைச் சொல்லு."

பிரெபனுக்கு அது தெரியாது. இருபத்திரண்டு வருடம் தின்றவருக்கு ஒரு கரண்டி என்றால் எவ்வளவு என்று தெரியவில்லை. அரைக் கரண்டி போடச் சொல்லி ருசித்தார், இன்னொரு அரை போடச் சொன்னார், அது அதிகமாகி எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி செய்தார்கள். மார்ச் மாதத்துக்குள் ஓரளவு பழகிவிட்டது. பிரெபன் "அரைச் சிட்டிகை" என்பார், ஐவினின் விரல்கள் சரியாக அந்த அரையை எடுக்கும். சாப்பிட வருகிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. முன்பும் தெரிந்திருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் பிரெபனின் சனிக்கிழமை போய்விட்டது. சந்தைக்குப் போக நேரமில்லை. பன்னிரண்டு மணிக்கு ஜன்னல் மேஜையில் போய் உட்காரும்போது முப்பது கரண்டி உள்ளே போயிருக்கும். யூட்டா தட்டை வைத்தால், அதில் அவருக்குத் தெரியாத செய்தி ஒன்றும் இருக்காது. வெளியே போகிற கால்களைப் பார்த்துக்கொண்டு, பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். ஒரு முறை அதைப் பார்த்த மெரெட்டெ உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். பல்வலி என்று பொய் சொன்னார் பிரெபன்.

அப்படியும் ஏன் போனார் என்றால், நான்கு மணிக்குக் கடை காலியாகி மெரெட்டெயும் கிளம்பிய பிறகு மூன்று பேரும் சமையல்கட்டில் நின்றுகொண்டே எதையாவது சாப்பிடுவார்கள். வாசனை போன ஐவின் இப்போது பல்லால் சாப்பிட்டார். பன்றித் தோலைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடிக் கேட்பார். பச்சைக் கேரட், பனிக்கட்டி, ரொட்டியின் கருகிய ஓரம் எல்லாவற்றையும் அப்படித்தான். "இந்த வெள்ளரிக்கா ரெண்டு தடவை உடையுது, கவனிச்சியா?" என்பார். பிரெபன் கடித்துப் பார்த்தார். உண்மைதான், இரண்டு தடவை உடைந்தது. ஐம்பத்து நான்கு வருடம் வெள்ளரிக்காய் தின்றும் அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

மே மாதம் வந்தது. ஊரிலுள்ள பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் தேவாலயத்தில் உறுதிப்பூசுதல் சடங்கு நடந்து, வீட்டுக்கு வீடு விருந்து நடக்கிற மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பச்சைக் கதவு முழுவதையும் ஒரு குடும்பம் எடுத்திருந்தது. நாற்பது பேர். முதலில் வெள்ளை அஸ்பாரகஸ் தண்டு சூப், பிறகு வறுத்த இறைச்சி, கடைசியில் ஸ்ட்ராபெர்ரி கேக். அந்த ஒரு நாள் மெரெட்டெயும் காலையிலிருந்தே வாசலில் நிற்பார் என்பதால், பிரெபன் ஒரு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கேட்டால் உதவிக்கு வந்த ஆள் என்று சொல்லிவிடுவது என ஏற்பாடு.

வியாழக்கிழமையே பிரெபனுக்கு ஜலதோஷம் பிடித்திருந்தது. ஞாயிறு காலை காப்பி வெந்நீராக இறங்கியது. போன் செய்து சொல்லிவிடலாம் என்று எடுத்தவர் வைத்துவிட்டார். நேரில் போய்ச் சொல்லலாம் என்று போனார். பின்வாசலில் சிகரெட்டோடு நின்ற ஐவின், "வந்துட்டியா. நீ இல்லாம இன்னைக்கு என்னால முடியாது" என்றார். அப்படி ஒரு வார்த்தையைப் பிரெபனிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. பேருந்து அலுவலகத்தில் அவர் இரண்டு வாரம் விடுப்பில் போனாலும் வண்டிகள் ஓடும். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போய் ஏப்ரனைக் கட்டினார்.

சூப்பை நீட்டிய ஐவின், எப்படி இருக்கிறது என்று கேட்டார். சூடாக இருந்தது. கொழகொழவென்று இருந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

"நல்லா இருக்கு" என்றார் பிரெபன்.

சூப் அடிப்பிடித்திருந்தது. பாலேட்டுக்கு அடியில் மாவு தீய்ந்து, அந்த நாற்றம் மேல்வரைக்கும் ஏறியிருந்தது. அதன் முன்னால் இரண்டு ஆண்கள் நின்றுகொண்டு கிண்ணங்களில் ஊற்றி, மேலே கீரைத்தழை தூவிக்கொண்டிருந்தார்கள். யூட்டா பத்துக் கிண்ணம் வைத்த முதல் தட்டைத் தூக்கிக்கொண்டு போகும்போதே மூக்கைச் சுளித்தார். ஆனால் பக்கத்து அடுப்பில் இறைச்சி வறுபட்டுக்கொண்டிருந்ததால் அந்தப் புகை என்று நினைத்துவிட்டார். மூன்றாவது தட்டைத் தூக்கியபோதுதான் புரிந்தது. அதற்குள் இருபது கிண்ணம் வெளியே போயிருந்தது.

விருந்தினர் யாரும் சத்தம் போடவில்லை. அன்று உறுதிப்பூசுதல் பெற்ற, வெள்ளைச் சட்டை போட்ட பெண் மட்டும் ஒரு வாய் வைத்துவிட்டுக் கரண்டியை ஓசையில்லாமல் வைத்தாள். மாமா ஒருவர் கிண்ணத்தைக் காலி செய்து, புகை போட்ட சூப் தனக்குப் புதிது, மோசமில்லை என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பாதி நிறைந்த ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மெரெட்டெ உள்ளே வந்தார். மூன்று பேரையும் பார்த்தார். கடைசியில் பார்வை ஏப்ரனில் நின்றது.

"ஜன்னல் மேஜை ஆள் எதுக்கு என் அடுப்புக்கு முன்னாடி நிக்கறான்?"

பிரெபன் சொன்னார். எனக்கு நான்கு நாளாக மூக்கடைப்பு, ஒன்றும் தெரியவில்லை, கேட்டதற்குத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டேன், தப்பு முழுக்க என்னுடையது என்றார். இவன் மூக்கடைப்புக்கும் சூப்புக்கும் என்ன சம்பந்தம் என்று மெரெட்டெக்கு விளங்கவில்லை. அப்போது ஐவின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஜனவரியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார்.

மெரெட்டெ உருளைக்கிழங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தார். அப்பாவிடமிருந்து கடையை வாங்கிப் பதினோரு வருடம் நடத்துகிறவர். கோபக்காரர் இல்லை.

"மூக்கு போனதுகூடப் பரவால்ல" என்றார். "நாலு மாசமா தினம் என் முகத்தைப் பாத்துப் பேசிட்டு மறைச்சிருக்கீங்க. நான் என்ன செஞ்சுடுவேன்னு நினைச்சீங்க?"

மெரெட்டெ எழுந்து வெளியே போய், சூப் தீய்ந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று நாற்பது பேர் முன்னால் நேராகச் சொன்னார். மாமா மறுபடி, அவ்வளவு மோசமில்லையே என்றார். இறைச்சி நன்றாக அமைந்திருந்தது. விருந்து சிரிப்போடுதான் முடிந்தது.

மறுநாள் ஐவின் ராஜினாமாக் கடிதத்தோடு போனார். நடந்ததை யூட்டாதான் பிற்பாடு பிரெபனுக்குச் சொன்னார். மெரெட்டெ கடிதத்தைப் படித்துவிட்டு, பன்றி வறுக்க மூக்கு வேண்டுமா என்று கேட்டாராம். வேண்டாம், காது போதும் என்றாராம் ஐவின். மீன் பொரிக்க? கண்ணும் காதும். ரொட்டிக்கு? கை. அப்படியானால் அதையெல்லாம் நீ செய், மற்றதற்கு வேறு ஆள் பார்க்கிறேன் என்று முடித்துவிட்டாராம். சூப்புக்கும் ஹெர்ரிங்குக்கும் பக்கத்து ஊரான ரான்டெர்ஸிலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்தார். பிரெபன் இனிச் சமையல்கட்டுப் பக்கம் வர வேண்டியதில்லை, மேஜைக்கு எப்போதும் போல வரலாம் என்று மெரெட்டெ மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்.

பிரெபன் போனார். புது ஹெர்ரிங்கில் சர்க்கரை கொஞ்சம் அதிகம். பன்றித் தோல் முன்னெப்போதையும்விட நன்றாக இருந்தது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் மீன் வாணலியில் விழுகிற சத்தம் கேட்டால், இப்போது ஐவின் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று தோன்றும். கையிலிருக்கிற ரொட்டி மறந்துபோகும். பாலாடைக்கட்டி வருவதற்குள் எழுந்துவிடுவார். ஜூலையில் அதையும் நிறுத்திவிட்டார். சந்தைக்குப் போனார், வாங்கினார், வீட்டில் தனியாகச் சமைத்துத் தின்றார். சரியாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் யூட்டா போன் செய்தார். எடுத்த எடுப்பில், "ஐவின் லீவு நாள்ல வீட்ல உக்காந்து மொசல் மாதிரி கேரட் கடிச்சிட்டிருக்கான். நீ ஞாயித்துக்கிழமை என்ன சமைக்கற?" என்றார்.

இறைச்சி உருண்டை, வெள்ளரிக்காய், உருளைக்கிழங்கு என்றார் பிரெபன்.

"மூணு பேருக்குப் போடு."

பிரெபனிடம் இருந்தது இரண்டு நாற்காலி. மூன்றாவதைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிவந்தார். சமைக்கும்போது ஒரே உருண்டையை மூன்று தடவை ருசி பார்த்தது அவருக்கே வேடிக்கையாக இருந்தது. வாழ்க்கையில் எத்தனையோ கைகளின் சமையலை எடை போட்டவர். அவர் கையால் ஆக்கியதை இன்னொருவர் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை வருடம் ஆகிறது என்று கணக்குப் போட முயன்று விட்டுவிட்டார். அன்று தான் என்ன சாப்பிட்டோம் என்று அவருக்குத் தெரியாது. அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உருண்டை வெளிப்புறம் இன்னும் மொறுமொறுப்பாக இருக்கலாம் என்றார் ஐவின். உப்பு சரி, மிளகு போதாது என்றார் யூட்டா. சொல்லிவிட்டு, கேட்காமலே சட்டியை இழுத்து இன்னும் இரண்டு உருண்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறும் வந்தார்கள். அதற்கடுத்ததும் வந்தார்கள். எப்போது கூப்பிட்டோம், யார் கூப்பிட்டது என்ற பேச்சே இல்லாமல் அது வழக்கமாகிவிட்டது.

நவம்பர் மாதம், வாத்து வறுத்த ஞாயிறு. சாப்பாடு முடிந்து பிரெபன் காப்பி ஊற்றினார். கோப்பையை வாயருகே கொண்டுபோன ஐவின் நிறுத்தினார். மறுபடி மூக்கருகே கொண்டுபோனார். முகம் கோணியது.

"என்ன இது? பெட்ரோல் மாதிரி நாறுது."

பிரெபன் தன் கோப்பையை முகர்ந்தார். காப்பிதான், நல்ல காப்பி. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது யூட்டா அவர் கையைப் பிடித்து அழுத்தினார்.

"நாறுதா?" என்றார் யூட்டா. "நிஜமாவே நாறுதா ஐவின்?"

"குமட்டுது."

யூட்டா எழுந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நரம்பு முளைக்கத் தொடங்கினால் முதலில் எல்லாமே தப்புத் தப்பாகத்தான் வரும் என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். ஐவின் கோப்பையை விடாமல் மறுபடி மறுபடி முகர்ந்தார், ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுளித்தார். பிறகு வாத்துக் கொழுப்பு ஊற்றிவைத்திருந்த கிண்ணத்தை எடுத்து முகர்ந்தார். அதில் ஒன்றுமில்லை. மிளகுப் புட்டியில் ஏதோ தூரத்தில் இருக்கிற மாதிரி இருந்தது. பிரெபன் அலமாரியைத் திறந்து இருந்த டப்பாக்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். இருட்டுகிற வரைக்கும் மூன்று பேரும் அதையே செய்துகொண்டிருந்தார்கள்.

ஐவினின் மூக்கு முழுதாகத் திரும்பவில்லை. பாதி வந்தது என்று சொல்லலாம். வெங்காயம் வந்தது, புகை வந்தது, கேஸ் வந்தது. கிராம்பு வரவேயில்லை. அறுபத்தைந்து வயது வரை அவர் பச்சைக் கதவில் ரொட்டியும் மீனும் வறுவலும் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றார். காப்பி மட்டும் ஒரு வருடத்துக்கு மேல் பெட்ரோலாகவே இருந்தது. அதனால் அவ்வளவு நாளும் ஞாயிற்றுக்கிழமைகளில் பிரெபன் மூன்று பேருக்கும் தேநீர்தான் போட்டார்.